கூரத்தாழ்வான் ஏற்காத சலுகை

காஞ்சிமாநகருக்கு அருகே உள்ளது கூரம் என்னும் சிற்றூர். 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பெருஞ்செல்வராய் வாழ்ந்தவர் கூரத்தாழ்வான். பகலெல்லாம் வந்தோர்க்கு அன்னமிட்டு, இரவில் அவர் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை வரதராஜப் பெருமாள் ஸந்நிதி வரையில் கேட்டதென்று குருபரம்பரைக் கதைகள் கூறும். அதைத் தம் செல்வத்தின் ஆரவாரமாகக் கருதி நாணிய ஆழ்வான், யாவற்றையும் துறந்து, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் சென்று இராமாநுஜரை அடைந்தார். பிச்சையேற்றே இல்லறம் நடத்தினார்.

பின்னர்ச் சோழ மன்னனால் இராமாநுஜருக்கு ஆபத்து நேர்ந்தபோது, ஆசாரியரின் காஷாயத்தைத் தாம் தரித்து அரசவை சென்றார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். இருவரும் கண்ணிழந்தனர், நம்பி வழியிலேயே உயிர் நீத்தார். ஆழ்வான் திருவரங்கம் மீண்டு கோயில் வாயிலை அடைந்தார். இராமாநுஜரைச் சார்ந்தோரை உள்ளே விடலாகாதென்று அரசாணை இருந்தது. ஆயினும் இவர் உத்தமர், இவரை மட்டும் விடலாம் என்றனர் காவலர். தம் குணத்துக்காகத் தமக்கு மட்டும் திறக்கப்படும் அவ்வாயிலை ஆழ்வான் ஏற்காது திரும்பினார். திருமாலிருஞ்சோலையில் பல ஆண்டுகள் வசித்தார். இராமாநுஜர் மீண்ட பின், அவர் கட்டளைப்படி காஞ்சியில் வரதராஜஸ்தவம் பாடியபோதும், தம் கண்ணைக் கேளாமல், தமக்குத் தீங்கு நேரக் காரணமாயிருந்த நாலூரானின் நற்கதியையே வேண்டினார் என்பர்.

இச்சரிதத்தை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. காஞ்சி நெசவாளர் பலருக்கு வீடே தறிக்கூடம். குழித்தறியில் காலமெல்லாம் மிதித்தவருக்கு முதுமையில் முழங்காலும் பார்வையும் தளர்ந்தால், திண்ணைப் படியும் நிலைப்படியும் கொல்லைக் கழிப்பிடமும் எட்டாத இடங்களாகின்றன. கைபிடித்து அழைத்துச் செல்லும் மக்கள் வாய்த்தவர் தெருவைக் காண்கிறார். வாய்க்காதவர் உள்ளேயே கிடக்கிறார். அன்று காவலர் காட்டிய சலுகைக்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சர்க்காரின் வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவர்களுக்கு ஒதுக்கப் பணிக்கிறது. அணுகுவதற்குரிய வசதிகளை வெறும் யோசனைகளாக விட்டுவிடலாகாது, கட்டாய விதிகளாக்க வேண்டுமென்று 2024 நவம்பர் 8-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனால் அச்சட்டத்தின் கவனமெல்லாம் பெரும்பாலும் பொதுக் கட்டடங்களின் மீதே செல்கிறது. நெசவாளர் தெருவின் பழைய வீடுகளைப் பற்றிக் கவலைப்படுவோர் யார்?

சாய்தளம், சுவரில் கைப்பிடி, அகன்ற கதவு, வீட்டினுள்ளேயே படியில்லாத கழிப்பறை ஆகிய இவை பெருஞ்செலவுக்குரியன அல்ல. முதியோர் உள்ள ஏழை வீடுகளில் இவற்றை அமைக்க மாநகராட்சி பொருளுதவி செய்ய வேண்டும். அடுக்கு வீடுகளில் தரைத்தளத்தை அத்தகையோருக்கே முதலில் அளிக்க வேண்டும். உற்றார் நல்லவராயிருப்பதைப் பொறுத்து ஒரு முதியவருக்கு வாசல் திறக்கும் நிலை காஞ்சிக்குத் தகாது. தெருவுக்கு வரும் உரிமை எல்லா முதியோருக்கும் உண்டு. அதை நிறைவேற்றுவது அதிகாரிகளின் கடமை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.