மயிலையில் அர்ச். சவேரியார்

தாம்பரத்திலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் சாந்தோமுக்குத் திருயாத்திரை போகும் பிரிய கிறீஸ்தவர்களே! 1545-ம் வருஷத்தில் அர்ச். பிரான்சீஸ்கு சவேரியார் அங்கே ஏறக்குறைய நாலு மாதம் தங்கினாரென்று அறிவீர்களோ? முத்துக்குளித்துறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். தமிழ் சரிவர வராது. ஆயினும் பரலோக மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் மனப்பாடம் பண்ணி, கைமணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிவைத்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கே, கீழ்த்திசைக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று விளங்கவில்லை. விசாரணைக் குருவின் வீட்டில் தங்கி, இரவிலே எழுந்துபோய், அர்ச். தோமையார் கல்லறையண்டையில் முழந்தாளிலிருந்து தேவ சித்தத்தைக் கேட்டார். அது ஒன்றைத்தான் கேட்டார். (நாம் அங்கே போய்க் கேட்பவை எத்தனை!) தெளிவு கிடைத்ததும் தாமதிக்கவில்லை, கப்பலேறி அவ்வருஷமே மலாக்கா சேர்ந்தார். 1552 டிசம்பர் 3-ந் தேதி, சீனக் கரைக்கெதிரே சான்சியான் தீவில், ஒரு குடிசையிலே உயிர்விட்டார்.