நானோ நேகிள் அம்மையார்

ஒரு சமூகத்தாரை என்றும் தாழ்த்தி வைக்க விரும்புவோர் முதலில் அடைப்பது அவர்களுடைய பள்ளிக்கூடத்து வாயிலையே என்பதைச் சரித்திரம் பலவிடத்தும் காட்டுகின்றது. அங்ஙனம் அடைபட்ட கதவைத் தம் கைப்பொருளாலும் உடலுழைப்பாலும் திறந்த ஒரு மாதரசியின் சரிதையை நம் சங்க அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1718-ம் ஆண்டில் அயர்லாந்து தேசத்துக் கார்க் ஜில்லாவில் பாலிகிரிபின் என்னும் ஊரிலே செல்வக் குடியிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டுக் கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்தலாகாதென்றும், கல்விக்காகத் தம் மக்களை அயல்நாட்டிற்கு அனுப்பலாகாதென்றும் 1695-ம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டிருந்தது. செல்வர் சிலர் தம் மக்களை மறைவாகப் பிரான்சு தேசத்திற்கு அனுப்பிக் கற்பித்தனர். ஏழை மக்களோ எழுத்தறியாது வாடினர். அம்மையாரும் பிரான்சிலேயே கற்றுப் பாரிஸ் நகரத்தின் ஆடம்பர வாழ்வில் திளைத்திருந்தார். ஒருநாள் விருந்தாட்டு முடிந்து விடியற்காலையில் வண்டியில் திரும்புகையில், வழிபாட்டிற்காகக் கோவில் வாயிலிற் காத்துநின்ற ஏழைத் தொழிலாளரைக் கண்டு மனம் மாறினாரென்று வழிவழியாகக் கூறுவர்.

தந்தையார் 1746-ம் ஆண்டில் இறந்த பின்னர் அம்மையார் தாய்நாடு திரும்பினார். அங்குள்ள ஏழைகளின் அறியாமையைக் கண்டு ஆற்றாது, தம்மாலாவது யாதுமில்லையெனப் பிரான்சு தேசத்துக் கன்னியர் மடமொன்றிற் புகுந்தார். ஆயினும் அவ்வேழைக் குழந்தைகளின் நினைவு அவரை அங்கே இருக்கவொட்டவில்லை. மீண்டும் கார்க் நகரம் வந்து, ஒரு சிறு சந்திலே சுமார் முப்பது குழந்தைகளைச் சேர்த்து, வீட்டார்க்கும் தெரியாமற் பள்ளி தொடங்கினார். ஏழையொருவன் தன் குழந்தையைச் சேர்க்கச் சிபாரிசு வேண்டி அவருடைய சகோதரரிடம் வந்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. சட்டத்தால் குடும்பத்திற்கே கேடு வருமென்று சகோதரர் முதலிற் சினந்தார், பின்னர் மனமிசைந்தார். ஓராண்டிற்குள் மாணவியர் இருநூற்றுவராயினர். 1769-ம் ஆண்டளவில் பெண்களுக்கு ஐந்தும் ஆண்களுக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள் நடைபெற்றன. வாசிப்பும், எழுத்தும், சமயபாடமும் கற்பித்ததோடு ஆண் மக்களுக்குக் கணக்கும் பெண் மக்களுக்குக் கைவேலையும் பயிற்றினர்.

பகலெல்லாம் பள்ளியில் உழைத்து, இரவில் கைவிளக்கேந்திச் சந்து சந்தாய்ச் சென்று நோயாளரையும் முதியோரையும் பேணுவது அம்மையாரின் வழக்கம். கைப்பொருள் குறைந்தவிடத்து வீதியில் நின்று பிச்சையேற்கவும் நாணினாரல்லர். தமக்குப் பின்னும் பணி நிலைபெற வேண்டிப் பாரிஸில் பயின்ற உர்சுலைன் கன்னியரை 1771-ல் கார்க் நகரில் நிறுவினார். மடத்தெல்லையைக் கடவாமை அக்கன்னியரின் விதி. ஏழைகளின் குடிசைக்கு அவர்கள் செல்லல் இயலாது. ஆகவே, 1775-ல், ஐம்பது வயதைக் கடந்திருந்தும், தாமே புதிய கன்னியர் சபையொன்றைத் தொடங்கினார். 1784-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி க்ஷயரோகத்தால் உயிர் நீத்தார். அவ்வேளையில் அச்சபையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே இருந்தனர்.

அச்சிறு வித்தே பிரெசென்டேஷன் சபையென்னும் ஆலமரமாயிற்று. 1833-ல் நியூபவுண்ட்லாந்துக்கும், 1842-ல் நம் சென்னைக்கும் அக்கன்னியர் கடல் கடந்து வந்தனர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர்கள் தொடங்கிய பணி தழைத்து, 1909-ல் சர்ச் பார்க்குப் பள்ளியும் தோன்றியது. பல மதத்து, பல குலத்துப் பெண்மக்கள் அப்பள்ளிகளிற் பயின்று உயர்ந்துள்ளனர். 2013-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அம்மையாரை வணக்கத்திற்குரியவரென அறிவித்தார்.

வேற்று மதத்தவர் சரிதை நமக்கெதற்கு என்று நம்மவருட் சிலர் வினவக்கூடும். அம்மையாருக்குக் குறுக்கே சட்டம் நின்றது, சிறையச்சம் நின்றது, சொந்த வீட்டாரே நின்றனர். நமக்கு எச்சட்டமும் தடையன்று. ஆயினும் நம் குலத்து ஏழைப் பெண் ஒருத்தி பொருளின்மையாற் படிப்பை நிறுத்துகின்றாளென்றால் அக்குற்றம் யாருடையது? கல்யாணப் பந்தலுக்கும் விருந்துக்கும் வாரியிறைக்கும் நாம் அதிற் பத்திலொரு பங்கை மாணவியர் கல்விக்கென ஒதுக்கலாகாதா? சங்கத்திற்குப் பணம் அனுப்பிவிடுவதோடு கடமை தீர்ந்ததென்றும் எண்ணற்க. விளக்கேந்தி ஏழை வீட்டு வாயிலுக்குத் தாமே நடந்து சென்றதுதான் அம்மையார் பெருமை. நம் தெருவில் பள்ளி செல்லாத குழந்தை யாருளர் என்று ஒவ்வொருவரும் இன்றே விசாரித்தறிவோமாக.