பரிசை இழந்த வாலிபன்



மழைக்காலத்தில் தி.நகர் உஸ்மான் ரோட்டிலோ மயிலாப்பூர் லஸ் முனையிலோ இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நனைந்துபோன ஸ்கூட்டரை ஒருவர் உதைத்துக்கொண்டே இருப்பார். வியர்த்து விறுவிறுத்துப் போவார். வண்டி அசையாது. பக்கத்து மெக்கானிக் கடைப் பையன் வருவான். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவான், உப்புத்தாளில் தேய்ப்பான், வாயால் ஊதி மாட்டுவான். அடுத்த உதையில் வண்டி கிளம்பிவிடும். பாருங்க, விரல் நீளமுள்ள ஒரு சாமான்! அது சரியில்லை என்றால் முழு வண்டியும் வீண்.

ரோட்டில் வண்டி நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகாயத்தில் என்ஜின் நின்றால் எங்கே தள்ளுவது? இப்படிப்பட்ட ஒரு சின்ன பிளக்கால் பெரிய பரிசை இழந்த ஒரு வாலிபனின் கதையை இன்றைக்குச் சொல்லப்போகிறேன். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். ஜே.ஆர்.டி. டாட்டா. அவர் நடத்திய தொழில்களைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறோம். ஆனால் சொந்தமாக ஒரு குட்டி விமானம் வைத்திருந்த வாலிபனாக அவரை அறிந்தவர்கள் கொஞ்சம்தான்.

கடற்கரையில் பிறந்த ஆசை

1904-ம் வருஷம் ஜூலை 29-ம் தேதி பாரிஸ் பட்டணத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் பார்சி குடும்பத்தைச் சேர்ந்த ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா. தாயார் பிரெஞ்சுக்காரப் பெண்மணி. பிரான்சு தேசத்தில் ஆர்டெலோ என்ற கடற்கரை ஊரில் அவர்கள் விடுமுறை நாட்களைக் கழிப்பார்கள். அதே ஊரில் லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் இவர்தான். அவருடைய விமானம் அந்த மணலில் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜே.ஆர்.டி. வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பான். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

ஆனால் ஆசை நிறைவேற வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1923-ல் தாயார் இறந்துபோனார். 1926-ல் தகப்பனாரும் போய்விட்டார். 22 வயதில் குடும்பப் பொறுப்பு தலைமேல் விழுந்தது. அந்தப் பாரத்தின் நடுவிலும் ஆகாயத்தை அவர் மறக்கவில்லை. பம்பாயில் ஃப்ளையிங் கிளப் ஆரம்பித்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ம் தேதி அவருக்கு விமானி லைசென்ஸ் கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் லைசென்ஸ் அது. அதன் எண் 1!

சொந்த விமானம் என்றால் லேசா?

பிறகு ஒரு ஜிப்ஸி மாத் விமானத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டார். பணக்கார வீட்டுப் பிள்ளை, வாங்கினார், பறந்தார், அவ்வளவுதானே என்று நினைக்காதீர்கள். வாங்குவது ஒரு நாள் வேலை. பராமரிப்பது தினசரி வேலை.

ஜிப்ஸி மாத் என்பது மரச்சட்டமும் பிளைவுட்டும் துணியும் சேர்ந்த விமானம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கைகள், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். மேலே கூரை கிடையாது. இறக்கைகளைப் பின்னால் மடித்து ஒரு சின்னக் கொட்டகைக்குள் தள்ளிவிடலாம். நான்கு சிலிண்டர் என்ஜின், சுமார் 100 குதிரைசக்தி. மணிக்கு 80, 85 மைல் போகும். அந்த என்ஜின் நல்ல உழைப்பாளி. சோதனைக்காக ஒரு என்ஜினுக்கு முத்திரை வைத்து 600 மணி நேரம் பறக்கவிட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால், மாற்ற வேண்டியிருந்த பாகங்களின் விலை ஏறக்குறைய 7 பவுண்டுதான்!

ஆனாலும் கவனிப்பு இல்லாவிட்டால் நல்ல என்ஜினும் கழுத்தை அறுத்துவிடும். துணி கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வெயிலில் மரம் சுருங்கும், மழையில் ஊறும், ஒட்டிய இடம் விட்டுப்போகும். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தால் ஆபத்து என்பதால் மெல்லிய தோலில் வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். எண்ணெய்க் கரி படிந்துவிட்டால் தீப்பொறி வராது. கழற்றித் துடைக்க வேண்டும், துடைத்தும் வராவிட்டால் மாற்ற வேண்டும்.

பறக்காமல் சும்மா நிறுத்தி வைத்தால் செலவு மிச்சம் என்று எண்ணுகிறீர்களா? அதுவும் இல்லை. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். ஜன்னல் கம்பியைத் தின்றுவிடுகிற அந்தக் காற்று என்ஜினை மட்டும் விட்டுவிடுமா? ஓடாத என்ஜின் உள்ளே துருப்பிடிக்கும். அதனால்தான் இன்றைக்கும் நம் தேசத்தில் சொந்த விமானம் வைத்திருப்பவர், அது பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் பெற்ற என்ஜினீயர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு மணி நேரப் பறப்பும், ஒவ்வொரு பழுதும் பதிவேட்டில் ஏற வேண்டும். விமானத்துக்குப் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது!

அபூகீரில் ஒரு சந்திப்பு

1929-ல் ஆகா கான் ஒரு போட்டியை அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையில் தன்னந்தனியாக, ஒரு மாதத்துக்குள், முதலில் பறந்து முடிக்கும் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு. எந்தப் பக்கத்திலிருந்தும் கிளம்பலாம். பணத்தைவிடப் பெயர் பெரிது. எண் 1 லைசென்ஸ் வைத்திருப்பவர் சும்மா இருப்பாரா? 1930 மே மாதத் தொடக்கத்தில் கராச்சியிலிருந்து தம்முடைய ஜிப்ஸி மாத்தில் தனியாகப் புறப்பட்டார். ரேடியோ கிடையாது. வரைபடமும் திசைகாட்டியும்தான். கீழே பாலைவனம் அல்லது கடல்.

அதே சமயத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி ஆஸ்பி என்ஜினீயர் என்ற 17 வயதுப் பையன் வந்துகொண்டிருந்தான். அதே பரிசுக்காகத்தான். அவனிடமும் ஜிப்ஸி மாத்தான்.

எகிப்து தேசத்தில் அலெக்ஸாந்திரியாவுக்குப் பக்கத்தில் அபூகீர் என்ற இடத்தில் விமானத்தளம் இருந்தது. ஜே.ஆர்.டி. அங்கே இறங்கினார். பார்த்தால், எதிர்த்திசையில் வந்த ஆஸ்பி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்! ஸ்பார்க் பிளக் கெட்டுப்போய்விட்டது. மாற்று பிளக் இல்லை. வரவழைக்க வேண்டும் என்றால் நாட்கள் ஆகும். அதற்குள் போட்டி முடிந்துவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஜே.ஆர்.டி.யின் பையில் மாற்று பிளக் இருந்தது. கொடுக்காமல் இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்னும் பாதி தூரம் கடல்மேலும் பாலைவனத்தின்மேலும் போக வேண்டியிருக்கிறது, என் என்ஜினுக்கே தேவைப்படலாம் என்று நியாயம் சொல்லலாம். அது பொய்யும் அல்ல. நாம் எத்தனை தடவை இப்படி நியாயம் சொல்லியிருக்கிறோம்!

அவர் பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆஸ்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதிலுக்குத் தன்னிடம் இருந்த உயிர்காக்கும் மிதவை அங்கியைக் கொடுத்தான். ஜே.ஆர்.டி. இன்னும் கடலைக் கடக்க வேண்டியவர் அல்லவா? ஒருவர் மற்றவருடைய என்ஜினைக் காப்பாற்றினார். மற்றவர் இவருடைய உயிரைப் பற்றி யோசித்தார். போட்டியாளர்கள் இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் பறந்து போனார்கள்.

முடிவு என்ன? மே 11-ம் தேதி ஆஸ்பி கராச்சியில் இறங்கினான். கொஞ்ச நேர வித்தியாசத்தில் ஜே.ஆர்.டி. தோற்றார். பரிசு பிளக் வாங்கினவனுக்குப் போயிற்று!

அந்தப் பையன் பின்னாளில் யாரானான் தெரியுமா? 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர்தான். ஒரு பிளக் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்க!

ஓலைக் கொட்டகையும் தபால் மூட்டையும்

இனி நம்ம ஊருக்கு வருவோம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் 1910-லேயே சொந்த விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு சென்னை ஜனங்களை ஆச்சரியப்படுத்தியிருந்தார். ஆனால் அது வேடிக்கைக் காட்சி. சாதாரண ஜனங்களுக்கு உபயோகமான விமானம் வரவேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து விமானத் தபால் கராச்சி வரைக்கும்தான் வரும். அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் நாள் கணக்கில் ஆடி ஆடி வரவேண்டும். நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப் படை வீரர், கராச்சியிலிருந்து சென்னைக்குக் குட்டி விமானத்தில் தபால் கொண்டுவரலாமே என்று யோசனை சொன்னார். ஜே.ஆர்.டி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். போட்ட முதல் 2 லட்ச ரூபாய். சர்க்கார் மானியம் கொடுக்க மறுத்தது. மூன்று வருஷம் அலைந்தார்கள்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற ஒற்றை என்ஜின் விமானத்தை ஜே.ஆர்.டி. தாமே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். சுமந்தது சுமார் 25 கிலோ தபால். அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன! அன்று மதியம் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் தி.நகர் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் கம்பெனியின் ஆஸ்தி என்ன? இரண்டு குட்டி விமானங்கள், ஜுஹுவில் ஒரு ஓலைக் கொட்டகை, பகுதி நேர என்ஜினீயர் ஒருவர், வேலை பழகும் மெக்கானிக் பையன்கள் இரண்டு பேர். ஜுஹு மைதானம் கடல் மட்டத்தோடு இருந்ததால் மழைக்காலத்தில் சேறாகிவிடும். அப்போது பூனாவுக்கு மாற்றிக்கொள்வார்கள். இந்த ஏழ்மையான கொட்டகையிலிருந்து போன தபால் 1933-34-ல் மழைக்காலத்திலும் நேரம் தவறவில்லை என்று சர்க்கார் அறிக்கையே பாராட்டியது. முதல் வருஷத்தில் பறந்தது 1,60,000 மைல். லாபம் 60,000 ரூபாய். ஓலைக் கூரையின் கீழ் அந்தப் பையன்கள் இரவெல்லாம் துடைத்த பிளக்குகளுக்கு இதில் பங்கு இல்லையா?

தூசியைத் துடைத்த கை

அந்தக் கொட்டகைதான் 1946-ல் ஏர் இந்தியா ஆயிற்று. 1948-ல் லண்டனுக்குப் பறந்தது. 1953-ல் அரசுடைமை ஆன பிறகும் 25 வருஷம் ஜே.ஆர்.டி. சம்பளம் வாங்காமல் அதற்குத் தலைவராக இருந்தார். எத்தனையோ கம்பெனிகளுக்குத் தலைவர். ஆனால் விமானத்தில் ஏறினால் கண் சின்னக் காரியங்கள் மேல்தான்! திரைச்சீலை கசங்கியிருக்கிறதா, தேநீர் ஒழுங்காக இருக்கிறதா என்று குறிப்பெழுதி அனுப்புவார். தூசி படிந்திருந்த கவுண்டரைத் தாமே துணி எடுத்துத் துடைத்தார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு. பிளக் துடைத்துப் பழகிய கைக்கு எது கேவலம்?

1978-ல் அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கினார்கள். மனம் நொந்தார். ஆனால் முடங்கிப் போகவில்லை. 1982 அக்டோபர் 15-ம் தேதி, முதல் தபால் பறப்புக்கு 50 வருஷம் நிறைந்த நாளில், 78 வயதுக் கிழவராக லெபர்ட் மாத் என்ற பழைய ஒற்றை என்ஜின் விமானத்தில் கராச்சியிலிருந்து ஜுஹுவுக்குத் தாமே ஓட்டி வந்தார்! 1930-களில் செய்த விமானம் அது. அத்தனை வருஷம் யாரோ அதைப் பேணிக் காத்திருந்தார்கள். அதனால்தான் பறந்தது.

1992-ல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29-ம் தேதி ஜெனிவாவில் காலமானார். அவர் தொடங்கிய ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மறுபடியும் டாட்டா குழுமத்திடமே வந்து சேர்ந்தது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகருக்கு விமானம் இருக்காது. ஒரு ஸ்கூட்டர் இருக்கலாம், தையல் மெஷின் இருக்கலாம், ஒரு சின்னக் கடை இருக்கலாம். வாங்கின அன்றைக்குப் பூ வைத்துக் கொண்டாடினோமே, இன்று அது எப்படி இருக்கிறது? தூசியோடு மூலையில் கிடக்கிறதா? ஒரு பொருள் ரசீது வைத்திருக்கிறவனுக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் அதைப் பேணுகிறவனுக்குத்தான் அது சொந்தம்.

இன்னொன்றும் கேளுங்கள். பேணிக் காத்ததை இறுகப் பிடித்துக்கொள்ளாமல், தவிக்கிறவனுக்கு எடுத்துக் கொடுக்கவும் மனம் வேண்டும். அடுத்த தடவை அடையாறில் தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்கும்போது அபூகீரில் நின்ற அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பையில் இருக்கும் மாற்று பிளக் எது? அதற்காக உங்கள் பக்கத்தில் காத்து நிற்கிறவர் யார்?