சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்
நடக்க முடியாத மேரி வர்கீஸ், நொந்தவர்களுக்கு வாழ்வு தந்த கதை

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போனால் வேலூர் வந்துவிடும். வழி நெடுகிலும் லாரிகள். ஓசூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள்.

இந்த வட்டாரத்தில் ஒருவர் உயரத்தில் இருந்து விழுந்தாலோ, சாலையில் அடிபட்டாலோ, முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயல் இழந்து போவது உண்டு. இனி இவர் எதற்கும் ஆகமாட்டார் என்று ஊரார் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குடும்பம் கண்ணீர் வடிக்கும்.

அந்தத் தீர்ப்பு தவறு என்று வாழ்ந்து காட்டியவர் ஒரு பெண். அவர் பெயர் மேரி வர்கீஸ். அவரே ஒரு டாக்டர்.

விபத்து

மேரி 1925-ம் ஆண்டு கேரளத்தில், கொச்சிக்கு அருகே உள்ள செராயி என்ற ஊரில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டர் ஆனார்.

1954-ம் ஆண்டு, ஜனவரி மாதம். டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் வண்டி கவிழ்ந்தது!

மேரியின் முதுகெலும்பு முறிந்தது. முகத்திலும் பலத்த காயம். உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

நேற்று வரை கட்டில் கட்டிலாகச் சென்று நோயாளிகளைப் பார்த்தவர், இன்று தாமே நோயாளியாகக் கட்டிலில் கிடந்தார். திரும்பிப் படுக்கவும் பிறர் உதவி வேண்டும். அவர் மனம் உடைந்து போனதில் வியப்பு இல்லை.

கைகள் இருக்கின்றனவே!

அவருக்கு முதுகில் ஆபரேஷன் செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்துவதில் உலகப் புகழ் பெற்றவர்.

பிராண்ட் ஒரு யோசனை சொன்னார். கையில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் உட்கார்ந்து கொண்டுதான் செய்கிறார். அதற்குக் கால்கள் எதற்கு? மேரி அந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாமே என்றார்.

மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். அதுவரை மடங்கிக் கிடந்த விரல்கள் சோற்றைப் பிசைந்தன, கருவியைப் பிடித்தன.

உடன் இருந்தவர்கள் அனுதாபம் மட்டும் காட்டி, அவரை வீட்டுக்கு அனுப்பி இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு நல்ல டாக்டரை நாடு இழந்திருக்கும். அவர்கள் அவருக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுத்தார்கள். நொந்து போன டாக்டருக்கு அதுதான் சிறந்த மருந்தாக அமைந்தது.

மீண்டும் மாணவி

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குச் சென்று சிகிச்சை பெற்றார். தம் வேலைகளைத் தாமே செய்து கொள்ளப் பழகினார்.

தாம் பெற்ற பயன் நம் நாட்டு ஏழைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். ஆகவே அமெரிக்கா சென்றார். நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். டாக்டர் பட்டம் பெற்ற பிறகும் மாணவியாக உட்கார அவர் வெட்கப்படவில்லை.

தாயகம் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ம் ஆண்டில், வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

என்ன பயிற்சி?

முறிந்த தண்டுவடத்தை முன்போல் ஆக்க மருந்து இல்லை. ஆனால் மிச்சம் உள்ள பலத்தைப் பெருக்கலாம். கைகளுக்கு வலுவூட்டுவது, கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் கழிக்க முறை கற்பது, தாமே குளித்து உடுத்துவது, ஒரு தொழில் செய்வது என்று படிப்படியாகப் பயிற்சி நடக்கும். படுக்கைப் புண் வராமல் இருக்க, படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிவிட வேண்டும் என்று வீட்டாருக்கும் சொல்லித் தருவார்கள்.

புதிதாக வரும் நோயாளி, தம் வாழ்வு முடிந்தது என்று அழுவார். எதிரே ஒரு டாக்டர் சக்கர நாற்காலியில் வந்து நிற்பார். அதைவிட வேறு ஆறுதல் என்ன வேண்டும்?

1972-ம் ஆண்டில் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1986-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார். பாகாயம் நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் படுத்துக் கிடக்கலாம். அவர் எதை இழந்தார் என்று மட்டும் பேசாதீர்கள். அவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மேரி வர்கீசுக்கு மிச்சம் இருந்தவை இரண்டு கைகள். அவை எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தின!