பரிசிலும் கடனும்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் புராணப் பணியும் வாழ்வும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவருள் மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அளவிற்குச் செய்யுள் இயற்றியவர் அரியர். தலபுராணங்கள் மட்டும் இருபதிற்கு மேற்பட்டன. பிள்ளைத்தமிழ், அந்தாதி, கோவை, கலம்பகம், மாலை, தூது எனச் சிற்றிலக்கியங்கள் பல. இவற்றின் யாப்பு, அணி, பத்திமை குறித்த ஆய்வுகள் கணிசமாக வந்துள்ளன. ஆனால் இந்நூல்களிற் பெரும்பாலானவை பிறர் வேண்டுகோளின்பேரில் இயற்றப்பட்டவை என்பதும், அவற்றிற்குக் கிடைத்த பொருளே ஆசிரியரின் முதன்மை வருவாய்களுள் ஒன்று என்பதும் வாழ்க்கைக் குறிப்புகளில் போகிற போக்கில் சொல்லப்பட்டு விடுகின்றன. ஒரு புலவர் தம் உழைப்பிற்கு எவ்வாறு பொருள் பெற்றார், பேசிப் பெற்றாரா, பேசாமல் விட்டாரா என்ற வினாவைக் கொண்டு அவ்வாழ்க்கையை மீண்டும் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

திரிசிரபுர வாழ்க்கை

1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அதவத்தூரில் பிள்ளையவர்கள் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, ஊரார் தரும் பொருளைக் கொண்டு வாழ்ந்தவர். கற்பித்தலுக்கு விலை குறிக்காத அந்த வழக்கம் மகனுக்கும் குடும்ப வழியாகவே வந்தது. இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையவர்கள் பின்னர்த் திரிசிரபுரத்திற் குடியேறி, கற்பதையும் கற்பிப்பதையும் ஒருசேர நடத்தினார். பாடம் கேட்பதற்காக அவர் பட்ட பாடு பெரிது. தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவரைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து, அவர் மனம் கோணாமல் நடந்து, அந்நூலைக் கேட்டறிந்த செய்தி பலரும் அறிந்தது. சென்னைக்குச் சென்றும் அக்காலப் பெரும்புலவர்களிடம் ஐயம் தீர்த்துக்கொண்டார்.

இவ்வாறு ஈட்டிய கல்வியை மாணாக்கர்க்கு வழங்கியபோது அவர் கைம்மாறு பெறவில்லை. பலருக்கு உணவும் உறைவிடமும் தம் பொறுப்பிலேயே ஏற்றார். வரவில்லாத செலவாக அமைந்த இக்கொடையை நினைவிற் கொள்ளாமல் அவர் கடன்பட்ட காரணத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

புரவலர் மாறிய காலம்

சோழநாட்டில் புலவரைப் புரக்கும் முறை அப்போது மாறிக்கொண்டிருந்தது. தஞ்சை மராட்டிய மரபின் இறுதி மன்னர் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைய, அரசவை என்ற புகலிடம் இல்லாமற் போயிற்று. கோயில் நிருவாகத்தினின்று ஆங்கில அரசு விலகிக்கொள்ளும் சட்டம் 1863இல் வந்தது. எஞ்சியவை ஆற்றுப்பாசன நன்செய்களை உடைய சைவ மடங்கள், ஊர் மிராசுதாரர்கள், அரசுப் பணியிலிருந்த தாசில்தார், முன்சீப் முதலியோர், தெற்கே திருப்பணிகளில் ஈடுபட்ட நகரத்தார். பிள்ளையவர்கள் பாடிய புராணங்களின் தலப்பெயர்களை வரிசைப்படுத்தினாலே இப்படம் தெளிவாகும். மாயூரம், குடந்தை, நாகை, அம்பர், பட்டீச்சுரம், திருவாளொளிபுற்றூர் என்பன காவிரிப் படுகையைச் சார்ந்தவை. கண்டதேவி, சூரைமாநகர், கோவிலூர் என்பன செட்டிநாட்டைச் சார்ந்தவை.

1860ஆம் ஆண்டளவில் அவர் மாயூரத்திற்கு வந்தார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் அவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டம் வழங்கினார். அவர்க்குப் பின் 1869இல் தலைமையேற்ற மேலகரம் சுப்பிரமணிய தேசிகரும் பேரன்பு பாராட்டினார். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை நெருங்கிய நண்பரானார். அவர்மீது குளத்தூர்க் கோவை பாடப்பட்டது. சமய வேறுபாடு அந்நட்பிற்கும் பாட்டிற்கும் தடையாகவில்லை.

புராணம் உருவாகும் முறை

தலபுராணம் பாடுவது தனியொருவர் தனித்திருந்து செய்யும் பணி அன்று. ஊரார் அல்லது கோயில் அதிகாரி வேண்டுகோள் விடுப்பர். வடமொழித் தலமான்மியத்தை அறிந்தவர் அதன் பொருளைத் தமிழ் உரைநடையில் எழுதித் தருவர். ஆசிரியர் காப்பிய உறுப்புகளை வகுத்துக்கொண்டு செய்யுளைச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதுவர். பிள்ளையவர்கள் சொல்லும் விரைவிற்கு எழுதுவோர் கைதான் பின்தங்கியது. பின்னர்க் கோயிலில் நல்ல நாள் பார்த்து அரங்கேற்றம் தொடங்கும். நாள்தோறும் சில பகுதிகள் படித்துப் பொருள் சொல்லி, பல நாள், சில வேளை மாதக்கணக்கில் அது நடைபெறும். நிறைவு நாளில்தான் சம்மானம்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. உழைப்பு முழுவதும் முன்னே செலவாகிறது. பொருள் கடைசியில் வருகிறது. அதன் அளவை முடிவு செய்பவர் கொடுப்பவர். நெல்லில் களத்துமேட்டிலேயே பங்கு பிரித்த சோழநாட்டு உழவனுக்கு வாரம் இவ்வளவு என்ற வழக்காவது இருந்தது. புராணச் செய்யுளுக்கு அத்தகைய வரையறை எதுவும் இல்லை. கொடுப்பதைக் கூலி என்று சொன்னால் புலவருக்கு இழிவு. சம்மானம் என்று சொன்னால் கேட்பதற்கு இடமில்லை. இச்சொல்லாட்சியே பேச்சுவார்த்தைக்கான வாயிலை அடைத்துவிட்டது என்பது என் கருத்து.

கும்பகோணத்தில் தாசில்தாராக இருந்த சிவகுருநாத பிள்ளையின் வேண்டுகோளால் எழுந்த திருக்குடந்தைப் புராணம் போன்றவற்றில் இம்முறை புலவர்க்குப் பெருமை சேர்த்தது. ஊரார் கூடி ஏடுகளைச் சிறப்பித்தலும் ஆசிரியரைப் போற்றுதலும் அரங்கேற்றத்தின் பகுதிகள். அதே கையால் பிறர் நூல்களுக்குக் கேட்டவர்க்கெல்லாம் சிறப்புப்பாயிரம் எழுதித் தந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

கேட்கும் மரபும் கேளாத புலவரும்

தமிழில் கேட்டுப் பெறும் மரபு இல்லாமலில்லை. பரிசில் தாமதமாகும்போது அதனை நினைவூட்டிப் பாடுவதற்குப் பரிசில் கடாநிலை என்றொரு துறையே புறத்திணையில் உண்டு. தன்னைக் காணாமலே அதியமான் அளித்த பொருளை ஏற்க மறுத்த பெருஞ்சித்திரனார், குமணன் தந்த யானையைக் கொணர்ந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிச் சென்றவரும் ஆவார். பொருளின் அளவையும் அது தரப்படும் முறையையும் தாமே மதிப்பிட்டவர் அவர். இப்பாடல்கள் அடங்கிய புறநானூறு அச்சேறியது 1894இல், பிள்ளையவர்கள் மறைந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், அவர் மாணாக்கர் உ.வே. சாமிநாதையரின் பதிப்பாக. சங்கப் புலவரின் அந்த மிடுக்கு அன்றைய மடத்துக் கல்வியின் பாடத்திட்டத்திற்கு வெளியே கிடந்தது. அங்கே பயிலப்பட்டவை புராணங்களும் பிரபந்தங்களும். அவற்றில் புலவர் பணிந்து நிற்பதே வழக்கம்.

பிள்ளையவர்கள் தம் குறையைப் பிறரிடம் சொல்லும் இயல்பினர் அல்லர். 1871இல் மாணாக்கராக வந்து சேர்ந்த சாமிநாதையர் பதிவு செய்துள்ள நிகழ்ச்சிகளுள் ஒன்று இதற்குப் போதும். எண்ணெய்க் குளியலுக்காகப் பலகையில் அமர்ந்த ஆசிரியர்க்குத் தேய்க்க வீட்டில் எண்ணெய் இல்லை. அதனை அறிந்த மாணாக்கர் தம் கையிலிருந்த காசில் கடைக்கு ஓடி வாங்கி வந்தார். சோழநாட்டுத் தலங்கள் பலவற்றின் பெருமையைப் பாடிய ஒருவர் வீட்டில் அன்றிருந்த நிலை அது. ஆசிரியரைப் போற்றி எழுதும் மாணாக்கர் இதனை மறைக்காமற் பதிந்தது இலக்கிய வரலாற்றிற்கு அவர் செய்த நன்மை.

கடன் மிகுந்தபோது அவர் கண்ட வழி மேலும் ஒரு புராணம். ஏதேனுமொரு தலத்திற்குப் புராணம் பாடி அரங்கேற்றினால் கடனைத் தீர்க்கலாம் என்று எண்ணியிருந்த வேளையில், ஆவுடையார்கோயிலில் ஆதீனத்தின் சார்பில் விசாரணை செய்துவந்த சுப்பிரமணியத் தம்பிரானின் வேண்டுகோள் வந்தது. திருப்பெருந்துறைப் புராணம் அவ்வாறு பிறந்தது. ஏடெழுதும் பணி சாமிநாதையர்க்கு வாய்த்தது. அரங்கேற்றத்திற்காக ஆசிரியர் மாணாக்கருடன் அங்கே சென்று பல மாதங்கள் தங்கினார். சாமிநாதையர் காய்ச்சலால் இடையில் ஊர் திரும்ப நேர்ந்தது. கடன் நெருக்கடியில் தொடங்கப்பட்ட நூல் என்பதால் அதன் கவிதைத் தரம் குறைந்துவிடவில்லை. மாணிக்கவாசகர் வரலாற்றைப் பாடும் பகுதிகளில் ஆசிரியரின் உள்ளம் தோய்ந்திருப்பதைக் கற்போர் உணர்வர். வயிற்றுக்காகப் பாடியதென்றும் பத்திக்காகப் பாடியதென்றும் இவர் நூல்களைப் பிரிக்க முற்படுவது பொருந்தாது.

அவர் மாணாக்கருள் ஒருவராகிய தியாகராச செட்டியார் வேறு வழியிற் சென்றார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகி மாதச் சம்பளம் பெற்றார். 1880இல் அவர் ஓய்வு பெற்றபோது அவ்விடத்தில் சாமிநாதையரை அமர்த்தச் செய்தார். தொடக்கச் சம்பளம் 50 ரூபாய். அளவு முன்கூட்டியே தெரிந்த, மாதந்தோறும் தவறாது வரும் அத்தொகை ஏட்டுச்சுவடி தேடும் பயணங்களுக்கு இடந்தந்தது. ஆசிரியர்க்கு அத்தகைய உறுதி ஒருபோதும் வாய்க்கவில்லை. ஆதீனத்தின் ஆதரவு பெரிதாயினும் அது அன்பையும் அருகில் இருப்பவர் மனநிலையையும் சார்ந்தது. ஒருகாலத்தில் திருவாவடுதுறையை விட்டுப் பட்டீச்சுரம் ஆறுமுகத்தா பிள்ளையின் இல்லத்தில் அவர் தங்கியிருந்ததும் உண்டு. அங்கும் அன்பும் உணவும் கிடைத்தன. கடன் அப்படியே இருந்தது.

இறுதி நோயின்போதும் கடனும் மகன் சிதம்பரம் பிள்ளையின் எதிர்காலமும் அவர் மனத்தை வருத்தின. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் திருவாவடுதுறையில், கிறித்தவ மாணாக்கராகிய சவேரிநாதர் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்க, அவர் உயிர் நீங்கியது. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் 1933இலும் 1934இலும் இரு பாகங்களாக அம்மாணாக்கர் எழுதி வெளியிட்ட வரலாறு, அரங்கேற்றங்களின் சிறப்பையும் அவற்றிற்கிடையே மாயூரத்து வீட்டில் வளர்ந்த கடனையும் ஒருங்கே பதிவு செய்திருக்கிறது.