கோவைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்: யார் இந்த பேட்ரிக் கெடிஸ்?

ஆர்.எஸ்.புரத்தில் தோட்டம் வைத்த பழைய வீடு ஒவ்வொன்றாகக் குறைஞ்சுட்டே வருது. இடிக்கும் முன் அதில் எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? இந்தக் கேள்வியை நூறு ஆண்டுக்கு முன்பே நம்ம ஊர்களில் கேட்டவர் பேட்ரிக் கெடிஸ்.

இன்ஜினியரா?

இல்லைங்க, தாவரவியல் பேராசிரியர். 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1879இல் மெக்சிகோ போன இடத்தில் கண் பாதித்தது, வாரக்கணக்கில் இருட்டறை. மைக்ராஸ்கோப்பில் உட்கார முடியாமல் போனதால், மனிதர்கள் வாழும் ஊர்களின் பக்கம் கவனம் திரும்பியது. எடின்பரோவில் நெரிசலான பழைய குடியிருப்பில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அக்கம்பக்கத்து வீடுகளைச் சீர்செய்தார்.

இந்தியாவுக்கு எப்படி வந்தார்?

சென்னை மாகாண கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்தார். 1914இல் கெடிஸ் கிளம்பினார். அவரது நகரக் கண்காட்சி வரைபடங்கள் தனிக் கப்பலில் வந்தன. சென்னை மீது குண்டு போட்ட அதே எம்டன், அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பு கடலோடு போச்சு. ஆனாலும் நண்பர்கள் புதிதாகச் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பிறகு மாகாணத்தின் ஊர் ஊராக நடந்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர், மதுரை, கோவை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

என்ன சொன்னார்?

அப்போது அதிகாரிகளின் வழி எளிது: சந்தை இடி, நேராக ரோடு போடு, கொசு வந்தால் குளத்தை மூடு. கெடிஸ் இதை எதிர்த்தார். முதலில் தெருத்தெருவாக நட. கெட்டுப்போன ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடு. அந்த இடத்தில் மரம் வை. குளத்தை மூடாமல் மீன் விடு, கொசுப்புழுவைத் தின்னும் என்றார். செலவு குறைவு, ஏழைகள் வீடிழக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு.

1917 அவரை உலுக்கியது. மகன் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். அதே ஆண்டு மனைவியும் இந்தியாவிலேயே காய்ச்சலில் இறந்தார். வேலையை மட்டும் விடவில்லை. அடுத்த ஆண்டே இந்தூர் நகர அறிக்கை வந்தது. 1919 முதல் பம்பாய் பல்கலையில் பேராசிரியர். 1932இல் பிரான்சில் காலமானார்.

இப்போ ஏன் பேசணும்?

1925இல் அவர் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் போட்டார். வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன தோட்டங்கள். அந்தப் பகுதி 2003இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

நம்ம ஆர்.எஸ்.புரமும் திட்டமிட்டு விரிந்த பகுதிதான். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயர்தான் அது; டி.பி. ரோடு என்பதும் அவரது திவான் பகதூர் பட்டம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் இப்போ நடைபாதையாகிவிட்டன. ஆனால் குளத்துக்கு உயிர் நொய்யலில் இருந்து வரும் வாய்க்கால்தான். கெடிஸ் வழியில் போனால், முதல் வேலை அந்த வாய்க்காலோரம் நடந்து பார்ப்பது. மிச்சமிருக்கும் பழைய வீடு, மரம், தெருப்பெயரை வார்டு வாரியாகக் குறித்து வைப்பது. இடிக்க அனுமதி கொடுக்கும் முன் அந்தக் குறிப்பு அதிகாரி மேஜையில் இருக்கணும்.