கவிஞர் நஸ்ருலின் 34 ஆண்டு மௌனம்

இணுவிலில் பிறந்தவர்களுக்கு இசையில்லாத திருவிழாக் காலத்தை எண்ணிப் பார்த்தலும் அரிது. கந்தசுவாமி கோயில் வீதியில் எழும் தவிலொலியும் நாதசுர ஒலியும் புகையிலைத் தோட்டங்களைக் கடந்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையை எட்டும். அந்த ஒலியின் நடுவே வளர்ந்த என் சின்னம்மா இனிமையாகப் பாடுவார். நான் சிறுவனாயிருந்த காலத்தில், அவர் முதலிற் பாடுவதை நிறுத்தினார். பின்னர்ப் பேசுவதையும் நிறுத்தினார். மனநோய் என்றார்கள், தொலைவிலுள்ள ஒரு மனநோய் வைத்தியசாலையிற் சேர்த்தார்கள். அங்கே அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அதுவும் அந்நோயின் கூறே என்று எல்லோரும் கொண்டனர். வீட்டாராகிய நாங்களும் அவ்வாறே கொண்டோம். அவருயிரைக் கவர்ந்தது வயிற்றில் வளர்ந்திருந்த கட்டியே என்பதை அவர் இறந்தபின்னரே அறிந்தோம்.

வங்கக் கவிஞர் காசி நஸ்ருல் இஸ்லாமின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் சின்னம்மாவின் முகம் என் கண்முன் வந்து நிற்கின்றது. அதனாலேயே அவ்வரலாற்றை இங்கே சொல்ல முற்படுகின்றேன்.

வங்காளத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சுருலியா என்னும் சிற்றூரில் 1899 மே 24ஆம் நாள் நஸ்ருல் பிறந்தார். பள்ளிவாசலில் இமாமாக இருந்த தந்தையார் 1908இல் மறைந்தார். வறுமை சிறுவனைப் பல தொழில்களுக்கு விரட்டியது. பள்ளிவாசலிற் பணிசெய்தார், 'லேட்டோ' எனப்படும் நாட்டுக்கூத்துக் குழுவிற் சேர்ந்து பாட்டும் நாடகமும் பயின்றார், ரொட்டிக் கடையிலும் வேலை பார்த்தார். 1917இற் படையிற் சேர்ந்து கராச்சியில் இருந்தார். 1920இற் கல்கத்தாவுக்குத் திரும்பியவர் இலக்கியத்தையே வாழ்வாகக் கொண்டார்.

கலகக்காரன் என்னும் பொருள்படும் 'பித்ரோஹி' கவிதை 1922 ஜனவரியில் வெளிவந்தபோது அவருக்கு வயது 22. வங்காளம் அவரை அன்றே புரட்சிக் கவி என ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே 'தூமகேது' என்னும் இதழைத் தொடங்கினார். அதில் எழுதியதற்காக அந்நிய அரசு அவரை 1923இல் ஓராண்டுக் கடுங்காவலுக்கு அனுப்பியது. சிறையில் ஏறக்குறைய 40 நாள் உண்ணாவிரதம் இருந்தார். நாடே கலங்கியது. மகாகவி தாகூர் தம் இசைநாடகம் ஒன்றை அவருக்குக் காணிக்கையாக்கியதும் அவ்வாண்டிலேதான். இஸ்லாமியப் பாடல்களும் காளியைப் போற்றும் பாடல்களும் ஒரே உள்ளத்திலிருந்து பிறந்தன. அவர் இயற்றிய பாடல்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை எனக் கணக்கிடுவர்.

இல்வாழ்வோ துயரம் நிறைந்தது. அருமை மகன் புல்புல் 1930இல் அம்மைநோயால் மாண்டான். 1939 அளவில் மனைவி பிரமீளாவின் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தது. 1942 யூலையில் கவிஞரின் நாவே தடுமாறத் தொடங்கியது. சொற்கள் ஒவ்வொன்றாய் அவரை விட்டு அகன்றன, நினைவும் மங்கியது. அப்போது அவருக்கு வயது 43.

பலர் பலவாறு பேசினர். பல முறை வைத்தியங்களும் பயனளிக்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவிலுள்ள லும்பினி பார்க் மனநோய் வைத்தியசாலையிற் சேர்த்தனர். சில மாதங்களிற் பலனின்றித் திரும்பினார். அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் வறுமையிலும் மறதியிலும் கழிந்தன. 1952இல் அன்பர்கள் குழுவொன்று அமைத்து அவரை இராஞ்சி மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினர். அங்கும் பயன் விளையவில்லை. 1953இல் கணவனும் மனைவியும் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றனர் சிலர். கூடாது என்றனர் வேறு சிலர். அவ்வாண்டு டிசம்பரில் வியன்னா நகரத்துப் பேராசிரியர் ஹான்ஸ் ஹொஃப் அவரைச் சோதித்து, இது 'பிக்' நோய், தீர்க்கமுடியாதது என முடிவு கூறினார்.

ஆர்னல்ட் பிக் என்னும் வைத்தியர் 1892இல் முதன்முதலாக விவரித்த நோய் அது. மூளையின் முன்புறமும் பக்கப் புறமும் மெல்ல மெல்லச் சுருங்கும்; பேச்சும் நடத்தையும் சிதையும். புறத்தே காண்பவர்க்குப் பித்துப் போலத் தோன்றும். உள்ளே நிகழ்வதோ உடலின் அழிவு. இந்நோயுற்றோர் அத்துணை நெடுங்காலம் உயிர்வாழ்தல் அரிதாகையால், ஹொஃபின் முடிவை ஐயுறுவோரும் உளர். நோயின் பெயர் எதுவாயினும், அதன் வேரை உடலிலே தேடுவதற்கு 11 ஆண்டுகள் சென்றன என்பதில் ஐயமில்லை.

1942இலேயே கண்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அவ்வாறு சொல்ல நான் துணியேன். அந்நோய்க்கு இன்றும் மருந்தில்லை. ஆனால் எல்லாருடைய நோயும் அத்தகையதன்று. பித்தரென அடைக்கப்பட்ட பலருடைய மூளையில் மேகநோய்க் கிருமிகள் இருந்தமை 1913இற் கண்டறியப்பட்டது. பின்னர் பெனிசிலின் அதற்கு மருந்தாயிற்று. கடுமையான மனநோயுற்றோர் ஏனையோரினும் 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் இன்று எடுத்துரைக்கின்றது. அவர்களுட் பெரும்பாலோரைக் கொல்வன இருதய நோய், நீரிழிவு, சுவாச நோய், தொற்றுநோய் முதலியன. மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளுட் சில உடற்பருமனையும் இரத்தத்திற் சர்க்கரையையும் கூட்டுவதுண்டு. இவற்றினும் கொடியது, நோயாளி நோகின்றது என்று சொல்லும்போது அச்சொல்லை நம்புவாரின்மை.

நஸ்ருலின் சொல்லற்ற நோயை நம்பியவர் ஒருவர் இருந்தார். எழுந்து நடக்கமாட்டாத பிரமீளா, படுக்கையிலிருந்தபடியே கணவருக்கு உணவூட்டிப் பேணினார். 1962இல் அவரும் மறைந்தார். 1972இல் வங்காளதேச அரசு கவிஞரை டாக்காவுக்கு அழைத்துச் சென்று தேசியக் கவியாகப் போற்றியது. 1976 ஓகஸ்ட் 29ஆம் நாள் டாக்கா வைத்தியசாலையில் அவர் உயிர் பிரிந்தது. டாக்காப் பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

சிறையில் அவர் தாமே உணவை மறுத்தபோது ஒரு நாடு அவருடலுக்காக இரங்கியது. அதே உடல் தானாகத் தளர்ந்தபோது, அதனைப் பித்தென்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டோம். எங்கள் ஊரிலே 1898 முதல் மக்லியொட் வைத்தியசாலை இருந்துவருகின்றது. வயிற்றுவலி என்று அங்கே செல்லும் எவரையும் முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். மனநோயாளரும் வேண்டுவது அவ்வளவே. அத்தகைய உறவினர் ஒருவரை இனி நீங்கள் பார்க்கச் சென்றால், எங்கே நோகின்றது என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்தை வைத்தியருக்கும் காட்டுங்கள். சின்னம்மாவிடம் அந்தக் கேள்வியை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.